வேலியோரத்து ஆடாதோடை, யாருக்கு ஆகாது?

போன மழைக்காலத்தில் ஓர் அம்மா தன் மருமகளை என் சித்த மருத்துவமனைக்கு அழைத்து வந்தார். மருமகளுக்கு ஐந்தாம் மாதம். நாலு நாளாக இருமல்.

"இங்கிலீஷ் மருந்து வேண்டாம்னு ரெண்டு வேளையும் ஆடாதோடைக் கசாயம் வெச்சுக் குடுக்கறேன் டாக்டர்."

எனக்குப் பகீரென்றது. அவரைக் குறை சொல்ல முடியாது. இருமலா, ஆடாதோடை என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியது எங்களைப் போன்ற வைத்தியர்கள்தானே. கசப்புக்குப் பயந்து ஆடுமாடு வாய் வைக்காது என்பதால் வேலிக்கு நட்ட செடி இது. வெள்ளைப் பூ, வாயைப் பிளந்ததுபோல இருக்கும். இலைதான் முக்கியமான சரக்கு. ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும் என்பார்கள். கபசுரக் குடிநீரில் சேரும் 15 சரக்குகளில் இதுவும் ஒன்று.

பேச்சு வெறும் பேச்சில்லை. இலையில் வாசிசின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது மூச்சுக்குழலைத் தளர்த்தும். இருமல் சிரப்புகளில் சளியை இளக்கப் போடுகிறார்களே புரோம்ஹெக்சின், அது இந்த வாசிசினை ஆதாரமாக வைத்து உருவாக்கிய மருந்துதான்.

அதே வாசிசின் கருப்பையையும் சுருங்கச் செய்யும். பிள்ளை சுலபமாகப் பிறக்க இதன் வேரை அரைத்து அடிவயிற்றில் பூசும் முறை பழைய வைத்தியத்தில் உண்டு. அப்படியிருக்க ஐந்தாம் மாதத்தில் கசாயமாகக் குடிக்கலாமா? கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை கூடவே கூடாது, மணப்பாகாக இருந்தாலும் சரி. (மணப்பாகு சர்க்கரைப் பாகில் செய்வது, நீரிழிவுக்காரர்கள் அதையும் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.)

கசாயத்தை நிறுத்தச் சொல்லி, ஆவி பிடிக்கவும் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கவும் சொன்னேன். அன்றைக்கே மகப்பேறு மருத்துவரிடமும் அனுப்பினேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாமியார் மூன்று முறை இருமினார்.

"உங்களுக்கு எத்தனை நாளாம்மா?"

"எனக்கா? அது ஒரு மாசமா இருக்கு. கசாயம் குடிச்சா அடங்கிடும்."

எனக்கு இரண்டாவது பகீர். கசாயத்தில் இருமல் தணிந்துவிட்டால் காசநோயைத் தாமதமாகக் கண்டுபிடிக்க நேரலாம். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் முதலில் சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. மருமகளுக்கு எழுதிய சீட்டோடு அவருக்கும் ஒன்று எழுதிக் கொடுத்தேன்.