கிணற்றடியைத் தோண்டும் குட்டி நாய்

திருகோணமலை உவர்மலையில் சித்தப்பா வீட்டில் ஒரு ஜக் ரசல் டெரியர் இருக்கிறது, பெயர் ரொனி. முழங்கால் உயரம்கூட வராது, ஆனால் கிணற்றடி வாழைகளைச் சுற்றி அது தோண்டி வைத்திருக்கும் பள்ளங்களைப் பார்த்தால் யாரோ இரவோடிரவாகப் புதையல் தேடிவிட்டுப் போனது போல இருக்கும். சித்தி ஏசினால் காதை மடக்கிக்கொண்டு போய்ப் படுக்கும். வளை தோண்டும் அகழான் எலியின் வாசம் வந்ததும் திரும்ப அதே பள்ளம்.

ரொனிக்கு இது குழப்படி இல்லை, பரம்பரைத் தொழில். 1819 இல் ஒக்ஸ்போர்ட்டில் படித்துக்கொண்டிருந்த ஜோன் ரசல், பிறகு பாதிரியாரானவர், ஒரு பால்காரரிடம் டிரம்ப் என்ற பெட்டை நாயை வாங்கினார். இந்த இனத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது. நரி வேட்டைக்காக வளர்த்த நாய் இது. நரி வளைக்குள் நுழைய ஒடுங்கிய நெஞ்சு வேண்டும், அதனால் இன்றும் இரண்டு கைகளால் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து அளந்து பார்ப்பார்கள். நரி என்று நினைத்துத் தவறிப்போய் நாயைத் தாக்காமலிருக்க வெள்ளை நிறம். அப்புறம் அந்தக் குரைப்பு! மண்ணுக்கடியில் நாய் எங்கே நிற்கிறது என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காகவே வாய் ஓயாத நாய்களாகப் பார்த்துப் பெருக்கினார்கள். பக்கத்து வீட்டார் இதையெல்லாம் கேட்டு மனம் ஆறப்போவதில்லை, அது வேறு விஷயம்.

ஓநாயின் வேட்டை ஒரு சங்கிலி: பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது. மனிதர் அந்தச் சங்கிலியை இனத்துக்கு இனம் வேறு வேறு இடத்தில் வெட்டினார்கள். ஆடு மேய்க்கும் கொலி நாய் துரத்துவதோடு நிற்கும், கடிக்காது. டெரியரில் கடைசிக் கண்ணிகளும் மிச்சம் இருக்கின்றன. எலியைக் கவ்வி உதறுகிற அந்த ஒரு நொடியைப் பார்த்தவர்களுக்குப் புரியும். முக்கியமான விஷயம், துரத்துவதே நாய்க்குப் பரிசு. எலி அகப்படாவிட்டாலும் அது தோற்றதாக நினைப்பதில்லை, அதனால்தான் ஏச்சு பலிப்பதில்லை.

கோட்டை வாசலில் புள்ளிமான்கள் நிற்கும் இந்த ஊரில், கோணேசர் கோயில் பக்கம் கயிறில்லாமல் கூட்டிப் போவது மடத்தனம். கச்சான் என்ற சுடுகாற்று வீசும் மாதங்களில் மத்தியான ஓட்டமும் வேண்டாம்: நாய்க்கு வியர்ப்பது பாதங்களில் மட்டும்தான், மற்றபடி மூச்சிரைத்து, நாக்கு ஈரம் காய்ந்துதான் உடல் சூடு இறங்க வேண்டும், ரொனியோ களைத்தாலும் நிற்கமாட்டான். எலி பிடிக்கிற நாய் என்பதால் விசர்நாய் ஊசியோடு எலிக்காய்ச்சல் ஊசியையும் தவறவிடக்கூடாது.

சித்தப்பா இப்போது பழைய லொறி டயர் ஒன்றில் கடல் மண் நிரப்பி, தினமும் பின்னேரம் அதற்குள் ஒரு ரெனிஸ் பந்தைப் புதைத்து வைக்கிறார். இரண்டு வாழை தப்பிவிட்டது. மூன்றாவதன் அடியில் அகழான் இன்னமும் இருக்கிறது போல.