க்ளோ: மதில் அடைத்த திராட்சை நிலம்

பிரான்சின் பர்கண்டிப் பக்கத்து ஒயின் பாட்டில்களில் 'க்ளோ' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். எழுதும்போது கடைசியில் ஒரு 'ஸ்' உண்டு, உச்சரிக்க மாட்டார்கள். சுற்றிலும் மதில் கட்டி அடைத்த நிலம் என்று பொருள். லத்தீனில் அடைத்தது, மூடியது என்று பொருள்படும் 'க்ளாவ்சும்' தேய்ந்து இப்படி ஆனது. துறவியர் மடத்தைக் குறிக்கும் 'க்ளாய்ஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் இதே வேர்தான்.

பர்கண்டியில் வூஜோ என்ற ஊரில் இருக்கும் புகழ்பெற்ற க்ளோ த வூஜோவின் மதிலைக் கட்டியவர்களும் துறவிகளே. 1098-இல் தொடங்கிய சீத்தோ மடத்தின் சிஸ்டர்சியன் துறவிகள், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தானமாகவும் விலைக்கும் துண்டு துண்டாக நிலம் சேர்த்து, 1336 வாக்கில் எல்லாவற்றையும் ஒரே மதிலுக்குள் கொண்டுவந்தார்கள். சுமார் 50 ஹெக்டேர், ஏக்கரில் 125. பிரெஞ்சுப் புரட்சியில் மடத்துச் சொத்து அரசுடைமையாகி ஏலம் போனது. அப்புறமும் பிரியாமல் ஒரே பண்ணையாகவே இருந்ததை 1889-இல்தான் பல பேருக்குப் பிரித்து விற்றார்கள். பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு என்கிற பிரெஞ்சுச் சட்டமும் சேர்ந்துகொள்ள, இன்று உள்ளே ஏறக்குறைய 80 உரிமையாளர்கள். சிலருக்குச் சில வரிசைக் கொடிகள்தான் சொந்தம்.

மண்ணும் ஒரே மாதிரி இல்லை. மேட்டில் சுண்ணாம்புக்கல், தண்ணீர் தேங்காது. கீழே சாலையோரம் கனத்த களிமண், ஈரம் லேசில் வடியாது. ஆனாலும் 1937 முதல் இங்கே விளைவதெல்லாம் 'கிரான் க்ரூ', அதாவது உச்சத் தரம். என்னைக் கேட்டால் அந்தத் தகுதியில் பாதி மதிலுக்குப் போகவேண்டியது; வாங்குகிறவர் க்ளோவின் பெயரைவிட, தயாரித்தவர் பெயரைப் பார்ப்பது நல்லது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'திராட்சைத் தோட்டம்' என்றால் மதில் விட்டுப்போகிறது. 'வளாகம்' என்றதும் கல்லூரிதான் நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்தில் வேலி அடைத்த வீட்டு நிலத்தை 'வளவு' என்பார்கள். வேலியை 'அடைப்பது' என்கிற நம் வழக்கு லத்தீன் வினையோடு அப்படியே ஒத்துப்போகிறது. 125 ஏக்கரை வளவு என்பது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் க்ளோக்களும் ஏராளம். அதனால் பொதுச்சொல்லாக வரும் இடத்தில் 'மதில்வளவு' என்று எழுதலாம். ஊர்ப்பெயரோடு ஒட்டி வந்தால் க்ளோ என்றே விட்டுவிடுங்கள், 'வூஜோ மதில்வளவு' என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியாது.