இறங்கிய தரையும் இறங்கிய சுவரும்

கோவில்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம் வட்டாரங்களில் கரிசல் மண்மீது வீடு கட்டியவர்களுக்கு இந்தக் காட்சி பழகிப்போன ஒன்று. சித்திரையில் நாணயத்தைச் செருகிவிடலாம் என்ற அளவுக்கு வாய் பிளந்திருந்த சுவர் விரிசல், கார்த்திகை மழைக்குப் பிறகு மயிரிழையாகச் சுருங்கிவிடும். உடனே கொத்தனாரை அழைத்து, பிளவை அடைத்துப் பூசி, வெள்ளையும் அடித்து முடிப்பார்கள். அடுத்த கோடையில் அதே இடத்தில் அதே விரிசல் வந்து நிற்கும். பூச்சு வேலை சரியில்லை என்று கொத்தனாரைத் திட்டுவது எளிது. ஆனால் அசைவது கீழே இருக்கும் மண், அதை அசைப்பது அதற்குள் வந்துபோகும் தண்ணீர். இறங்கிய தரையைத் தூக்கிச் சமன்செய்யவோ அஸ்திவாரத்தைச் சீரமைக்கவோ ஒப்பந்ததாரரைத் தேடுகிறவர் இதைப் புரிந்துகொண்டுவிட்டால், அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

கரிசலில் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் மிகுதி. அதன் துகள் ஒவ்வொன்றும் அப்பளக் கட்டைப் போல மெல்லிய தகடுகள் அடுக்கி வைக்கப்பட்டது. தகடுகளுக்கிடையே தண்ணீர் புகுந்தால் அவை விலகி மண் பருக்கிறது. தண்ணீர் வெளியேறினால் ஒடுங்கி வெடிக்கிறது. இதை அளப்பதற்கு இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 2720, பகுதி 40 வகுத்திருக்கும் சோதனை, பள்ளிக்கூட ஆய்வகத்திலேயே செய்துவிடக்கூடிய அளவுக்கு எளியது. 425 மைக்ரான் சல்லடையில் சலித்த உலர்ந்த மண்ணை 10 கிராம் வீதம் 100 மில்லி அளவுக் குடுவைகள் இரண்டில் இட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி, கலக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு, ஒரு நாள் முழுவதும் அசையாமல் வைக்க வேண்டும். மண்ணெண்ணெய்க்குக் களிமண் தகடுகளை விலக்கும் ஆற்றல் இல்லாததால் அந்தக் குடுவையில் மண் அப்படியே படிந்து கிடக்கும். தண்ணீர்க் குடுவையிலோ மாவு புளித்ததுபோல் மேலேறியிருக்கும். மண்ணெண்ணெயில் 10 மில்லி, தண்ணீரில் 22 மில்லி என்று நின்றால் விரிவு 120 சதவீதம். 100 சதவீதத்தைத் தாண்டிய மண்ணை விரிவு மிகுந்த மண் என்றே பொறியாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். செலவு குறைந்த இந்தச் சோதனையைக்கூடக் கேட்காமல் விலை சொல்லும் ஒப்பந்ததாரர், எதைச் சரிசெய்யப் போகிறார் என்பது அவருக்கே தெரியாது என்பது என் கருத்து.

இந்த மண் வீடு முழுவதையும் ஒரே சீராக ஏற்றி இறக்கினால் சேதம் பெரிதாக இராது. ஆனால் வெளிச்சுவர்களின் ஓரத்து மண் வெயிலில் காய்ந்து மழையில் ஊற, வீட்டின் நடுப்பகுதியின் கீழுள்ள மண் கூரையாலும் தளத்தாலும் மூடப்பட்டு ஈரத்தை விடாமல் வைத்திருக்கிறது. கோடையில் ஓரம் இறங்க, நடுப்பகுதி மேடாக நிற்கிறது. இடையில் அகப்பட்ட சுவர் குறுக்காக வெடிக்கிறது. ஓரத்தில் நிற்கும் பெரிய மரமும் இதற்கு வலுச்சேர்க்கும், ஏனெனில் அதன் வேர்கள் கோடையில்தான் அந்த ஈரத்தைத் தேடி வருகின்றன. இதற்கு நேர்மாறாக, கசியும் கழிவுநீர்க் குழாயோ சம்ப்போ ஒரு மூலையை மட்டும் ஆண்டு முழுவதும் ஊறவைத்திருக்கும்.

இனி, தரை இறங்குவதும் சுவர் இறங்குவதும் இரண்டு வெவ்வேறு நோய்கள். நம் வீடுகளில் சுவர்களின் பாரம் அஸ்திவாரம் வழியாக அடிமண்ணுக்குச் செல்கிறது. ஆனால் அறையின் தரை, பேஸ்மென்ட்டுக்குள் கொட்டி நிரப்பிய மண்ணின்மீதே கிடக்கிறது. அந்த மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, நீர் தெளித்து, திமிசு போட்டிருந்தால் தரை நிற்கும். அவசரத்தில் லாரியோடு கவிழ்த்திருந்தால் சில ஆண்டுகளில் அது தன் எடையாலேயே அமுங்கி, தளத்தின் அடியில் வெற்றிடம் விழும். ஓரத்து ஸ்கர்ட்டிங் ஓட்டுக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி தெரிந்து, டைல்ஸைத் தட்டும்போது பானையைத் தட்டியதுபோல் ஒலித்து, சுவரில் மட்டும் விரிசலே இல்லையென்றால், நோய் தரையோடு நிற்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல் இருந்தால் அஸ்திவாரத்தைப் பார்த்தே ஆக வேண்டும். முதல் நோய்க்கு இரண்டாவதன் மருந்தை விற்றால் பணம் வீண். இரண்டாவதற்கு முதலாவதன் மருந்தை விற்பது அதைவிட மோசம். தரை சமமாகிவிட்ட நிம்மதியில் சுவரை மறந்துவிடுவோம்.

எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அளக்கக் கொத்தனார்களின் டியூப் லெவலே போதும். தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும் என்ற விதி எந்தக் கருவிக்கும் குறைந்ததன்று. உள்ளே காற்றுக்குமிழி நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கட்டடங்களின் இறக்கத்தை ஆராய்ந்த ஸ்கெம்ப்டனும் மெக்டொனால்டும் 1956இல் சொன்ன கணக்கு இன்றும் புழங்குகிறது: இரு புள்ளிகளுக்கிடையே இறக்க வேறுபாடு அவற்றின் தூரத்தில் 300இல் ஒரு பங்கை எட்டினால் சுவர்கள் விரிசல் விடத் தொடங்கும். அதாவது 3 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர். கட்டும்போதே அவ்வளவு பிசகு நேர்ந்திருக்கக்கூடும் என்பதால், ஒருமுறை அளந்த அளவைவிட, சில மாதங்கள் கழித்து அது எவ்வளவு மாறியிருக்கிறது என்பதே பேசும்.

கெடுதல் செய்வது மொத்த இறக்கத்தைவிட வேறுபாடுதான் என்பதற்குப் பீசாவின் சாய்ந்த கோபுரம் நல்ல சாட்சி. 1999 முதல் 2001 வரை அங்கே பொறியாளர்கள் தாழ்ந்த தெற்குப் பக்கத்தைத் தூக்க முயலவில்லை. உயர்ந்திருந்த வடக்குப் பக்கத்தின் அடியிலிருந்து சாய்வான துளைகள் வழியே மண்ணைச் சிறிது சிறிதாக எடுத்து, சாய்வை ஏறக்குறைய அரை டிகிரி குறைத்தார்கள்.

இறங்கிய தளத்தில் துளையிட்டு, அதன் வழியே அடியில் கலவையையோ நுரையையோ அழுத்திச் செலுத்தித் தளத்தைத் தூக்குகிறார்கள். அதற்கு எவ்வளவு விசை வேண்டும்? 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 240 கிலோ. 3 மீட்டருக்கு 3 மீட்டர் அறையென்றால் இரண்டு டன்னுக்கு மேல். கேட்க மலைப்பாக இருந்தாலும், அந்த எடை அடிப்பரப்பு முழுவதும் பரவுவதால், தூக்கத் தேவையான அழுத்தம் 24 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் ஒரு வாளியின் அடியில் தரும் அழுத்தமே. ஓரங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆகவே இந்தத் தொழிலில் ஆபத்து விசை போதாமல் போவதில் இல்லை, மிஞ்சிப்போவதில் இருக்கிறது. ஒரே துளையில் அழுத்திக்கொண்டே இருந்தால் தளம் அங்கே மட்டும் எழும்பி முறிந்துவிடும். தேர்ந்த ஆள் பல துளைகளில் மாறி மாறி, மில்லிமீட்டர் கணக்கில் ஏற்றி, ஒவ்வொரு முறையும் மட்டம் பார்ப்பார்.

உள்ளே செலுத்துவது சிமென்ட் கலவையாக இருக்கலாம், பாலியூரித்தேன் நுரையாகவும் இருக்கலாம். கலவைக்கு நாலைந்து சென்டிமீட்டர் துளை வேண்டும். நுரைக்கு ஒன்றரை சென்டிமீட்டர் அளவே போதும். நுரைக்கான இரண்டு திரவங்கள் கலந்த சில நொடிகளில் அது வாயுவை விட்டுப் பொங்கி, நிமிடங்களில் இறுகிவிடும். அந்த அறையின் அடியில் 5 சென்டிமீட்டர் வெற்றிடம் இருந்தால் அது 0.45 கன மீட்டர். கலவையால் நிரப்பினால் ஏறக்குறைய முக்கால் டன், நுரையென்றால் இருபது, முப்பது கிலோ. ஏற்கெனவே அமுங்கும் மண்ணின்மீது முக்கால் டன்னை ஏற்றலாமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் எடை குறைந்த நுரையும் அடிமண்ணைத் திருத்துவதில்லை. கரிசலைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு: மே மாதத்தில் தூக்கிச் சமன்செய்த தளத்தை ஐப்பசி மழை அதற்கும் மேலே தூக்கிவிடும்.

அஸ்திவாரத்தைச் சீரமைப்பது இதைவிடப் பொறுமையான வேலை. அண்டர்பின்னிங் முறையில், பழைய அடிமானத்தின் கீழே ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் நீளப் பகுதிகளாக, அடுத்தடுத்து அல்லாமல் விட்டுவிட்டுத் தோண்டி, ஈரம் அதிகம் மாறாத ஆழம்வரை இறக்கிக் கான்கிரீட் போடுகிறார்கள். அது இறுகிய பின்பு, பழைய அடிமானத்துக்கும் புதியதற்கும் இடையே விடப்பட்ட இடைவெளியைத் தண்ணீர் குறைந்த கெட்டிக் கலவையால் இடித்து அடைக்கிறார்கள். அந்தக் கடைசி அடைப்பு தளர்வாக இருந்தால் செய்ததெல்லாம் வெறும் புதைத்த கான்கிரீட்தான். நாள் மிச்சமாகும் என்று சுவரின் நீளம் முழுவதையும் ஒரேயடியாகத் தோண்டச் சொல்லும் ஆளை அன்றே அனுப்பிவிட வேண்டும்.

ஒப்பந்ததாரரிடம் போகுமுன், சீரமைப்பை விற்காத கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் அறிக்கை வாங்கிக்கொள்வது நல்லது. அதற்கான கட்டணம் மொத்தச் செலவில் சிறு பகுதிதான். பிறகு வரும் விலைப்புள்ளியில் சதுர அடிக் கணக்கு மட்டும் இருந்தால் போதாது. எத்தனை மூட்டை, எத்தனை கிலோ உள்ளே போகும், அதைக் கண்முன் எண்ணித் தருவார்களா, புதிய அடிமானம் எந்த ஆழத்தில் எந்த அடுக்கின்மீது நிற்கும், தளத்தின் கீழே ஓடும் கழிவுநீர்க் குழாய்க்குள் கலவை புகாமல் எப்படித் தடுப்பார்கள் என்பவை எழுத்தில் வர வேண்டும். உத்தரவாதம் பொருளுக்கா மட்டத்துக்கா என்பதையும் பிரித்துக் கேட்க வேண்டும். நுரை பத்தாண்டு கெடாமல் இருக்கும் என்பதும், தரை பத்தாண்டு இறங்காது என்பதும் ஒன்றல்ல. கூரைத் தண்ணீரைச் சுவரடியிலிருந்து விலக்குவது, கசியும் குழாயை மாற்றுவது, வீட்டைச் சுற்றி வெளிச்சாய்வாகத் தளம் போடுவது ஆகியவற்றைச் சொல்லாமல் கான்கிரீட்டைப் பற்றி மட்டும் பேசும் விலைப்புள்ளியை நான் ஏற்கமாட்டேன்.

விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதியையும், நடுவில் அதன் அகலத்தையும் சுவரிலேயே எழுதி வையுங்கள். ஒப்பந்தத்தின் கடைசித் தவணையை, ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் கடந்து அந்தக் கோடுகளை இருவரும் சேர்ந்து பார்த்த பிறகு தருவதாக எழுதிக்கொள்ளலாம்.