ஊடுபால்: இன்டர்செக்ஸுக்குச் சரியான தமிழ்

பெண்கள் தடகளத்தில் யார் ஓடலாம் என்ற செய்தி டெல்லியில் தமிழாகும்போதெல்லாம் ‘திருநங்கை வீராங்கனை’ என்ற தொடரும் கூடவே வந்துவிடுகிறது. தென்னாப்பிரிக்க ஓட்டக்காரி காஸ்டர் செமன்யாவுக்கும் அதே சொல், ஒடிசா ஓட்டக்காரி டூட்டி சந்துக்கும் அதே சொல், நம் புதுக்கோட்டை ஓட்டக்காரி சாந்திக்கும் அதே சொல். மூவரில் ஒருவரும் திருநங்கை அல்லர். பெண் என்று பதிவாகி, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாகவே களத்தில் இறங்கியவர்கள்.

இன்டர்செக்ஸ் என்பது பிறவி உடலமைப்பைக் குறிக்கும் சொல். குரோமோசோம், இனப்பெருக்கச் சுரப்பி, ஹார்மோன், பிறப்புறுப்பு இவற்றில் ஒன்றோ பலவோ வழக்கமான ஆண் அமைப்புக்கும் பெண் அமைப்புக்கும் முழுதாகப் பொருந்தாமல் இருப்பது. பலருக்குப் பூப்பெய்தும் வயது வரை தெரியாது. சிலருக்கு விளையாட்டுச் சோதனையில்தான் தெரியவருகிறது. சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அந்துப்பூச்சிகளை ஆராய்ந்த ஜெர்மன் மரபியலாளர் ரிச்சர்ட் கோல்ட்ஷ்மிட், 1910-களில். ‘இன்டர்’ லத்தீன் முன்னொட்டு. வரலாறு இவ்வளவு போதும், சிக்கல் மொழிபெயர்ப்பில்தான் இருக்கிறது.

முதல் தவறு ‘இருபாலினர்’. இது இந்தியின் ‘உபயலிங்கி’ வழியாக வருவது. இந்திப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழ் எழுதும் மேசைகளில் இப்படித்தான் நடக்கும். தமிழில் ‘இருபால்’ ஏற்கெனவே வேலையில் இருக்கிற சொல். இருபாலர் கல்லூரி என்றால் ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிப்பது. இருபால் பூ என்றால் மகரந்தமும் சூலும் ஒரே பூவில். மண்புழு இருபால் உயிரி என்று பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். விந்து, முட்டை இரண்டையும் அது உண்டாக்கும். மனிதரில் அப்படி இரண்டும் முழுதாகச் செயல்படும் உடல் கிடையாது. அந்தச் சொல்லை ஓர் ஓட்டக்காரி மேல் போடும்போது இல்லாத உடல் ஒன்றை வாசகர் மனதில் உண்டாக்கிவிடுகிறோம். போதாக்குறைக்கு, இரு பாலர் மீதும் ஈர்ப்புள்ளவரையும் இதே சொல்லால் எழுதுகிறார்கள். உடல் வேறு, ஈர்ப்பு வேறு.

‘திருநங்கை’ இன்னும் பெரிய குழப்பம். திருநங்கை என்பது தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழ்பவரின் அடையாளம். மரியாதையான, வேர்பிடித்த சொல். இந்தக் குழப்பத்துக்கு மொழிபெயர்ப்பாளரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நாடாளுமன்றம் 2019-ல் இயற்றிய திருநர் பாதுகாப்புச் சட்டமே ‘இன்டர்செக்ஸ் வேறுபாடுள்ளவர்’ என்று தனி விளக்கம் கொடுத்துவிட்டு, அடுத்த உட்பிரிவு ஒன்றில் அவர்களையும் திருநர் என்ற வகைக்குள் சேர்த்துவிட்டது. சட்டத்தில் அப்படி இருக்கலாம். விளையாட்டு விதியில் அப்படி இருக்கவில்லை, இங்கேதான் செய்தியே தப்பாகிறது.

உலகத் தடகள அமைப்பு 2023 மார்ச்சில் இரண்டு தனித்தனி விதிகளை அறிவித்தது. ஆண் பூப்புப் பருவத்தைக் கடந்த திருநங்கையர் பெண்கள் பிரிவில் ஓட முடியாது என்றது முதல் விதி. பால்கூறு வளர்ச்சி வேறுபாடு (இன்டர்செக்ஸ் உடலமைப்புக்கு மருத்துவப் பெயர்) உள்ள, இரண்டாவது விதிக்குள் வரும் வீராங்கனைகளோ, ரத்தத்தில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவை லிட்டருக்கு 2.5 நானோமோலுக்குக் கீழே 24 மாதம் வைத்திருந்தால் ஓடலாம் என்றிருந்தது, 2025-ல் புதிய விதி வரும் வரை. 2023-க்கு முன்பு வரம்பு 5 நானோமோல். 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையான ஓட்டங்களுக்கு மட்டும். செமன்யாவை ‘திருநங்கை’ என்று எழுதுகிறவர் அவரை முதல் விதிக்குள் தள்ளிவிடுகிறார். அப்புறம் ஹார்மோனைக் குறைக்கும் மாத்திரை, 24 மாதம், அவர் வழக்குப் போட்ட விளையாட்டு நடுவர் மன்றம் என்று எதுவுமே வாசகருக்குப் புரியாது.

இனி, நல்லெண்ணத்தோடு செய்த போட்டிச் சொல்: ‘இடைப்பாலினம்’. இதன் மேல் எனக்கு இரண்டு குறை. ஒன்று, பாலினம் என்பதைச் சமூக அடையாளத்துக்கும் பால் என்பதை உடலுக்கும் வைத்துக்கொள்வது இன்று நிலைத்துவரும் வழக்கு. இங்கே பேச்சு உடலைப் பற்றியது. இரண்டு, ‘இடை’ என்றதும் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு நாற்காலி போட்டாகிவிடுகிறது. ‘இடைப்பாலின வீராங்கனை’ என்று எழுதினால் அவர் பெண்தானா என்ற கேள்விக்குச் சொல்லே பதில் சொல்லிவிடுகிறது. நியாயம் பேச உட்காருவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது.

‘ஊடு’ அப்படியல்ல. கரும்புக்கு நடுவே உளுந்து போட்டால் அது ஊடுபயிர். கரும்பு கரும்பாகவே இருக்கிறது. ‘இன்டர்’ என்ற முன்னொட்டுக்கு நம் வேளாண் துறையும் விவசாயியும் என்றைக்கோ கண்டுவிட்ட தமிழ் அது. ஊடுருவு, ஊடுகதிர் எல்லாம் அந்தக் குடும்பம். ஊடல் நினைவுக்கு வருகிறதே என்பார்கள். ஊடுபயிரைக் கேட்டு யாருக்கும் காதல் பிணக்கு நினைவுக்கு வந்ததில்லை. தமிழ்நாட்டில் இதற்காகக் குரல் கொடுப்பவர்களில் சிலரும் ஊடுபால் என்று வழங்குகிறார்கள். அடைமொழியாகவும் வளைந்துகொடுக்கும்: ஊடுபால் பெண், ஊடுபால் குழந்தை, ஊடுபால் வீராங்கனை.

பெண்கள் பிரிவின் நியாயம் என்ற வாதத்துக்கும் இந்தச் சொல்தான் இடம் தருகிறது. எக்ஸ்‌ஒய் குரோமோசோமோடு (வழக்கமாக ஆண்களிடம் இருப்பது), டெஸ்டோஸ்டிரோனை உடல் ஏற்றுக்கொள்ளும் அமைப்பு இருந்தால் பூப்புப் பருவத்தில் தசை, எலும்பு, ஹீமோகுளோபின் மூன்றும் கூடும்; மற்றப் பெண்கள் எழுப்பும் ஆட்சேபம் வெறும் பொறாமை அல்ல. அதே குரோமோசோமோடு ஆண்ட்ரோஜனை (டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்களை) உடல் முற்றிலும் ஏற்காத நிலையும் உண்டு. அவர்களுக்கு அந்த ஹார்மோன் எவ்வளவு இருந்தும் பயனில்லை. ஸ்பெயினின் தடை ஓட்டக்காரி மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினோ 1985-ல் கோபே நகரில் குரோமோசோம் சோதனையால் விலக்கப்பட்டு, 1988-ல் மீண்டும் அனுமதி பெற்றது இந்தக் காரணத்தால்தான். இந்த இரண்டு வகையினரும் ஊடுபால். களத்தில் இரு வகையினரின் நிலையும் ஒன்றல்ல.

‘பாலினச் சோதனையில் தோல்வி’ என்ற தலைப்பையும் கைவிட வேண்டும். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கிய சாந்தி எதிலும் தோற்கவில்லை. ஓடி வென்றார், பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். ‘தகுதி விதிக்குள் வரவில்லை’ என்று எழுதுவதற்கும் அதே மூன்று சொல்தான் ஆகும். 2025 செப்டம்பர் முதல் உலகத் தரவரிசைப் பெண்கள் போட்டிகளுக்கு எஸ்ஆர்ஒய் மரபணுச் சோதனை கட்டாயம்; வழக்கமாக ஒய் குரோமோசோமில் இருந்து ஆண் உடல் வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் மரபணு அது. கன்னத்தின் உட்புறச் செல்லோ ரத்தமோ எடுத்து வாழ்நாளில் ஒரு முறை செய்வது. அந்த மரபணு இருப்பது தெரிந்தாலும், ஆண்ட்ரோஜனை முற்றிலும் ஏற்காத உடலுக்கு அதே விதியில் விலக்கு இருக்கிறது. எனவே ‘ஆண் என நிரூபணம்’ என்று தலைப்புப் போடாதீர்கள். ‘எஸ்ஆர்ஒய் மரபணு உள்ளது, மேல் பரிசோதனை நடக்கிறது’ என்று போடுங்கள்.