நிற்க வைத்து ஒரு முறை பிரஷர் பாருங்கள்

"தலை சுத்துது சார்" என்று யார் வந்தாலும் முதலில் ஒன்று கேட்பேன்: "வீடு சுத்துதா, கண்ணு இருட்டுதா?" தமிழில் இரண்டுக்கும் ஒரே பேர் வைத்துவிட்டோம். படுக்கையில் புரளும்போது சுவரும் ஃபேனும் சேர்ந்து சுழன்றால் பெரும்பாலும் உள்காதில் கோளாறு. உட்கார்ந்தோ படுத்தோ இருந்தவர் எழுந்ததும் கண் இருட்டி, காது அடைத்து, கால் தள்ளாடினால் பிரஷரைச் சந்தேகிக்க வேண்டும். இங்கே சொல்லப்போவது இந்த இரண்டாவதைத்தான்.

குடியாத்தம் பக்கம் கிளினிக் வைத்திருப்பதால் பீடி சுற்றும் பெண்கள் நிறைய பேர் வருவார்கள். மடியில் முறம், மடக்கிய கால், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. எழுந்தால் எண்ணிக்கை குறையும் என்று தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். மூன்று மணி நேரம் கழித்து சட்டென்று எழுந்தால் கிறுகிறுக்காமல் என்ன செய்யும்?

எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் இரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியில் இருக்கும் உணரிகள் இதைக் கண்டுபிடித்து, சில நொடிகளில் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்துடிப்பைக் கூட்டிச் சமாளிக்கும். உடம்பில் தண்ணீரோ இரத்தமோ போதாவிட்டால் இந்தச் சமாளிப்பு பலிக்காது. பல வருடச் சர்க்கரையில் நரம்பு கெட்டிருந்தாலும், சாப்பிடும் மாத்திரை குறுக்கே நின்றாலும் அப்படித்தான்.

ஊரில் இதற்குப் பித்தம் என்று பேர். உப்புப் போட்டு எலுமிச்சைச் சாறு குடித்ததும் தெளிந்துவிட்டால் பித்தம் இறங்கிவிட்டது என்பார்கள். இறங்கியது பித்தம் இல்லை, உள்ளே போனது தண்ணீரும் உப்பும். ஆறு மாதம் எலுமிச்சையிலேயே ஓட்டிய ஒரு அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 7 இருந்தது. மாதவிலக்கில் போன இரத்தத்தை அவர் யாரிடமும் சொல்லவே இல்லை.

இனி என் தவறு. எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். உட்கார வைத்துப் பார்த்தேன், 156. பிரஷர் மாத்திரையைக் கூட்டி எழுதினேன். பத்து நாளில் நெற்றியில் தையலோடு வந்தார். விடியற்காலை மூன்று மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்தவர் கதவு நிலையில் மோதி விழுந்திருக்கிறார். அப்போதுதான் படுக்க வைத்துப் பார்த்தேன்: 160. நிற்க வைத்தேன்: 122. போதாக்குறைக்கு வேறொரு இடத்தில் புராஸ்டேட்டுக்குக் கொடுத்த மாத்திரையையும் இரவில் போட்டு வந்தார். சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும் அந்த மாத்திரை இரத்தக் குழாய்களையும் தளர்த்தும். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பரிசோதனைக்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். 5 நிமிடம் படுத்திருக்க வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும். எழுந்து நின்ற 1-வது நிமிடமும் 3-வது நிமிடமும் திரும்பப் பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் கவனிக்க வேண்டிய விஷயம். நாடியையும் எண்ணுங்கள். பிரஷர் இறங்கும்போது நாடி நன்றாக எகிறினால் பெரும்பாலும் தண்ணீரோ இரத்தமோ குறைவு. அசையாமல் இருந்தால் நரம்பில் கோளாறு இருக்கலாம். வீட்டில் டிஜிட்டல் மெஷின் இருந்தால் நீங்களே பார்க்கலாம், பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள நிற்கட்டும்.

இப்படி வருகிறது என்பதற்காகப் பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நேரத்தை மாற்றினாலே, ஒன்றைக் குறைத்தாலே பலருக்குச் சரியாகிவிடும். அதற்கு எல்லா டாக்டரும் கொடுத்த எல்லா மாத்திரையையும் ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள். பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து நோன்பு வைப்பவர்கள் வருவார்கள்; சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை ரமலானுக்கு முன்பே மாற்றியமைத்துக்கொள்ளச் சொல்வேன்.

எழுவதற்கு முன் பாதத்தை மேலும் கீழும் இருபது முறை ஆட்டுங்கள். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்காருங்கள், அப்புறம் நில்லுங்கள். கண் இருட்ட ஆரம்பித்தால் காலைக் குறுக்கே போட்டுத் தொடையை இறுக்குங்கள்; முடியாவிட்டால் வெட்கப்படாமல் குந்தி உட்கார்ந்துவிடுங்கள். இரவில் ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது நல்லது. வயிறு முட்டச் சாப்பிட்டதும் சிலருக்குப் பிரஷர் இறங்கும், ஆம்பூர் பிரியாணிக்கும் இது பொருந்தும். உப்பைக் கூட்டுவது மட்டும் டாக்டர் சொல்லித்தான். இதயம், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அது ஆபத்து.

கத்திரி வெயிலில், 100 டிகிரியைத் தாண்டும் நாளில்தான் எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வரும். கூட்டத்தில் நின்றபடி மயங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். உடனே நாலு பேர் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, வாயில் சோடாவை ஊற்றுவார்கள். இரண்டும் தப்பு. தரையில் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், சுற்றி நிற்பவர்களை விலக்குங்கள், முழுசாக நினைவு திரும்பும் வரை வாயில் எதுவும் வேண்டாம். கர்ப்பிணி என்றால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

சில மயக்கங்களுக்கு என் கிளினிக் போதாது. நெஞ்சுவலியோ படபடப்போ இருந்து மயங்கினால், ஓடும்போதும் பளு தூக்கும்போதும் மயங்கினால், படுத்திருக்கும்போதே மயங்கினால், பேச்சு குழறினால், மலம் கறுப்பாகப் போனால், ஒரு சில நிமிடத்தில் தெளியாவிட்டால், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்தப் பெரியவர் இப்போதும் மாதாமாதம் வருகிறார். கூட்டியதைக் குறைத்தேன், புராஸ்டேட் மாத்திரையை அதைக் கொடுத்தவரிடம் பேசி மாற்றினோம், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு. போன மாதம் உட்கார வைத்துப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். சட்டைக் கையை இறக்காமல் அவரே எழுந்து நின்றுகொண்டார். "இன்னும் ஒரு தடவை பாத்துட்டு எழுதுங்க சார்."