ஓடிபி எண் யார் கையில் இருந்தாலும் வேலை செய்யும்

உங்கள் போனில் ஓடிபி எண்ணைக் காட்டும் ஆத்தென்டிகேட்டர் செயலி இருந்தால், ஏரோபிளேன் மோடு போட்டுவிட்டு அதைத் திறந்து பாருங்கள். சிக்னல் இல்லை, இணையம் இல்லை. ஆனாலும் அந்த ஆறு இலக்க எண் 30 விநாடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும்.

எண் வெளியிலிருந்து வருவதில்லை. போனே கணக்குப் போட்டு எடுக்கிறது. முதல்முறை ஒரு கியூஆர் கோடை ஸ்கேன் செய்தீர்கள் அல்லவா? அந்தக் கறுப்புக் கட்டங்களுக்குள் ஒரு ரகசியச் சாவி இருந்தது. அது உங்கள் போனிலும் இருக்கிறது, அந்தத் தளத்தின் சர்வரிலும் இருக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் இந்த நொடி வரை எத்தனை 30 விநாடிகள் கழிந்தன என்று போன் எண்ணுகிறது. அந்த எண்ணிக்கையையும் சாவியையும் சேர்த்து அரைத்தால் நீளமாக ஒரு விடை வரும். அதிலிருந்து ஆறு இலக்கத்தை மட்டும் செயலி காட்டுகிறது. சர்வரும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போனால் கதவு திறக்கும். 2011இல் ஆர்எஃப்சி 6238 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியான முறை இது.

எண்ணை ஊகித்து அடித்தால் ஒவ்வொரு தடவையும் 10 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான். அப்புறம் எப்படிப் பறிகொடுக்கிறோம்?

அசல் தளம் போலவே ஒரு போலிப் பக்கம். அதில் நீங்கள் கடவுச்சொல்லைப் போட்டதும், மோசடிக் கும்பலின் கணினி அதை அசல் தளத்தில் போடுகிறது. அசல் தளம் எண் கேட்கிறது. போலிப் பக்கமும் உடனே உங்களிடம் எண் கேட்கிறது. நீங்கள் அடிக்கிறீர்கள், அது அப்படியே கைமாறிப் போகிறது. எண் சரி, நேரமும் சரி. கொண்டுவந்தது யார் என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல சர்வரால் முடியாது. போனில் அழைத்து “உடனே சொல்லுங்கள்” என்று பதறவைப்பதும் இதற்காகத்தான். ஓடிபிக்கு ஆயுள் குறைவு. ஏமாந்தவர்களை முட்டாள்கள் என்று பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. இந்த ஓட்டை எண்ணின் அமைப்பிலேயே இருக்கிறது.

எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி இன்னும் பலவீனமானது. உங்கள் பெயரைச் சொல்லி வேறொருவர் உங்கள் மொபைல் எண்ணுக்கே புது சிம் வாங்கிவிட்டால் ஓடிபி அவருக்குப் போய்விடும். காரணமே இல்லாமல் சிக்னல் போய், திரும்பி வராவிட்டால் வேறொரு போனிலிருந்து சிம் நிறுவனத்தையும் வங்கியையும் உடனே அழையுங்கள்.

கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் பாஸ்கீ என்ற முறை இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. இதில் இரண்டு சாவிகள். நுழைவது நீங்கள்தான் என்று டிஜிட்டல் கையெழுத்துப் போடும் சாவி உங்களிடமே இருக்கும். கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவி மட்டும் சர்வருக்குப் போகும். எந்தத் தளத்துக்காக உருவானதோ அந்த முகவரியோடு பாஸ்கீ கட்டப்பட்டிருக்கும். முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும், நம் கண் தவறவிடலாம், பிரவுசர் தவறவிடாது. சாவியை எடுத்து நீட்டாது. வாயால் சொல்லிக் கொடுத்துவிட எண் எதுவும் இதில் இல்லை.

பாஸ்கீ போட்ட பிறகும், கணக்கை மீட்கும் வழியாக எஸ்எம்எஸ் இருந்தால் திருடர் அந்தப் பக்கமாக வருவார். முடிந்தால் அதை நீக்கிவிடுங்கள். முதலில் மின்னஞ்சல் கணக்கில் தொடங்குங்கள். மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பெல்லாம் அங்கேதான் வந்து விழுகிறது.