தையல் பிரித்தாயிற்று, மாத்திரை இன்னும் முடியவில்லை

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து பாளையங்கோட்டையிலிருந்து ஆலங்குளத்துக்கோ திசையன்விளைக்கோ திரும்புகிறவர் பையில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை இருக்கும். இரண்டு வாரத்தில் தையல் பிரித்ததும், "புண்ணுதான் ஆறிட்டே" என்று வலி மாத்திரையோடு இதையும் நிறுத்திவிடுகிறார்கள். இது புண்ணுக்கான மாத்திரையே அல்ல.

ஆபரேஷனில் காலைத் திருப்பி வைக்கும்போது தொடையின் பெரிய சிரை முறுக்கிக்கொள்ளும். எலும்பைக் குடைவதும் ரத்தத்தின் உறையும் தன்மையைத் தூண்டும். பிறகு நடமாட்டமும் குறைவு. வீடு திரும்பிய பின்னும் வாரக்கணக்கில் சிரையில் ரத்தக்கட்டி உருவாகலாம். அதனால்தான் இந்த மாத்திரை சுமார் 35 நாள். முழங்கால் மாற்றியவருக்கு இரண்டு வாரத்தோடு முடிந்திருக்கும். அவர் சீட்டு உங்களுக்கு ஆகாது.

சீட்டில் இருக்கும் மாத்திரை ரிவரோக்சபான் என்றால் 10 மி.கி., தினம் ஒன்று. அபிக்சபான் 2.5 மி.கி., காலையும் இரவும். மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள். விட்டதற்குச் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது. இதே வேலைக்கான டாபிகாட்ரான் என்றால் கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டவோ, அட்டையிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டு வைக்கவோ கூடாது.

முருங்கைக்கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. அந்தப் பத்தியம் வார்ஃபரின், அசிட்ரோம் என்ற பழைய உறைதடுப்பு மாத்திரைகள் காலத்துப் பேச்சு. உண்மையான வம்பு கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், அசிக்ளோபினாக் வலி மாத்திரைகளில்தான்: சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். மலம் தார் போலக் கறுத்தால் உடனே வாருங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடோயின் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த மாத்திரைகளின் வேலை குறைந்துபோகும். அதையும் சிறுநீரகக் கோளாறையும் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷன் செய்த கால் கொஞ்சம் வீங்கத்தான் செய்யும். தூக்கி வைத்துப் படுத்தும் காலையில் வற்றாத வீக்கம், கெண்டைக்காலில் இறுகிய வலி, சூடு என்றால் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று அன்றைக்கே டாப்ளர் ஸ்கேன் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் முதலில் தேடுவது நல்லெண்ணெயைத்தான். அந்தக் காலை நீவவே கூடாது. கட்டி நழுவி நுரையீரலுக்குப் போய்விடலாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் வந்தால் 108தான், மறுநாள் பஸ் அல்ல.

ரிவரோக்சபான் 15, 20 மி.கி. அளவிலும் வருகிறது. ஊர்க் கடையில் 10 இல்லையென்று வேறொன்றைக் கொடுத்த கதை உண்டு. 35 நாளுக்கும் சேர்த்து டிஸ்சார்ஜ் அன்றே வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.